ஆபீசர் தட்டாத கதவு

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு வேலை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் தட்டு, டம்ளர் எல்லாம் ஒதுங்கிவிடும். ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் முன்னால் அன்று எழுதிய தாள்கள். அவள் முன்னால் அதே தாள்களின் நகல், பக்கத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச்.

அவர் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவர். ஒரு நாள் கதை, விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம். கொஞ்சம் கூடினால் டைரக்டர் கத்தரியை எடுத்துவிடுவார். குறைந்தால் ஜன்னலையும் வானத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி ஒப்பேற்றுவார். எழுதுகிறவருக்கு இரண்டுமே வயிற்றெரிச்சல். அதனால் எழுதியதை வாய்விட்டுப் படித்து நேரம் பார்த்துவிடுவது அவர் வழக்கம். கதாநாயகன் பேசுவதை அவர் படிப்பார். மற்ற எல்லாரையும் அவள் படிப்பாள். கதாநாயகனின் மனைவி, மாமியார், திருடன், எதிர்வீட்டுக் குழந்தை, ஒரு தடவை நாய்கூட. நாய் குரைத்ததற்கும் நேரம் குறித்திருக்கிறாள். நான்கு வினாடி.

இப்படியே முந்நூற்றுப் பதின்மூன்று நாள் கதை படித்தாகியிருந்தது.

கதாநாயகன் ஒரு தீயணைப்பு நிலைய அதிகாரி. தொடரில் எல்லாரும் அவனை ஆபீசர் என்றுதான் கூப்பிடுவார்கள், கட்டின மனைவி உட்பட. நல்லவன். குடி கிடையாது. கை நீட்டமாட்டான். மாமியாருக்கு மாத்திரை வாங்கிவர மறக்கமாட்டான். எரிகிற வீட்டைக் கண்டால் தோளால் ஒரே மோது, கதவு தூள். அந்த மோதல் ஜனங்களுக்கு அப்படிப் பிடித்துப்போய்விட்டதால், அவன் தன் வீட்டுக்கு வரும்போதும் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும் என்று டைரக்டர் ஏற்பாடு செய்துவிட்டார். யோசித்துப் பார்த்தால், முந்நூற்றுப் பதின்மூன்று கதையிலும் அவன் ஒரு கதவைத் தட்டினதே இல்லை.

நாற்பதாவது கதையில் ஆபீசர் ஒரு டீ கப்பைக் கழுவி வைத்தான். பின்னணியில் வயலின் அழுதது. மனைவி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரம் வந்த கடிதங்களுக்குத் தனியாக ஒரு அட்டைப்பெட்டி தேவைப்பட்டது. எழுதினவர்கள் எல்லாரும் பெண்கள். "இப்படி ஒருத்தர் வாய்க்கணுமே" என்று ஏங்கியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"நானும் தினம் கழுவறேன். ஒரு புல்லாங்குழலாவது வைக்கச் சொல்லக் கூடாதா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல வரி என்று குறித்துக்கொண்டு, ஒரு மாசம் கழித்து அதை மாமியார் வாயில் போட்டுவிட்டார்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு வேலை நகரத்துத் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில். காதில் ஹெட்போன், முன்னால் வரிசையாக விளக்குகள். விளக்கு மின்னினால் எங்கேயோ யாருக்கோ ஆபத்து. போனை எடுத்ததும் அங்கே யாரும் ஹலோ சொல்லமாட்டார்கள். முதல் வார்த்தை "எங்கே?" என்பதுதான். நடுவில் பேச்சு அறுந்துபோனாலும் இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பிவிடலாம் அல்லவா. பத்தொன்பது வருஷப் பழக்கம். வீட்டுப் போனையும் அவள் அப்படித்தான் எடுப்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கூப்பிட்டால்கூட "எங்கே?" என்பாள். "இங்கேயேதான்மா இருக்கேன், எதுவும் எரியலை" என்பான் அவன்.

ஆபீசருக்குத் தெரிந்த தொழில் எல்லாம் அவள் சொன்னதுதான். புகை மேலே போகும், ஆகவே தவழ்ந்து போக வேண்டும். எண்ணெயில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பயந்துபோன குழந்தைகள் கட்டிலுக்கு அடியில்தான் ஒளியும். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அவள் சொல்வாள், மறுநாள் ஆபீசர் அதைத் தன் அனுபவம் போலப் பேசுவான். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தும். தொடரில் நிலையத்து மணி அடிக்கும், வண்டி கிளம்பும்.

"அந்த மணியை யாருங்க அடிக்கறா?" என்று இருபதாவது கதையிலேயே கேட்டாள்.

"தானா அடிக்கும். ஜனங்க அதையெல்லாம் கேக்கமாட்டாங்க" என்றார் அவர்.

ஜனங்களும் கேட்கவில்லை.

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கும். பன்னிரண்டு விதிகள். நான்காவது விதி: ஆபத்தில் இருப்பவர் பேசும் நிலையில் இருந்தால், போனை அவரிடமே கொடுக்கச் சொல்லவும். அவளுக்கு அதில் தனி மரியாதை. ஒருமுறை லிப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் பேசினார். "நானும் மனைவியும்தான், ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க" என்றார். அவள் போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு வார்த்தையே வரவில்லை. மூச்சு இழுப்பு நோய். மருந்து வீட்டில் இருந்தது. புருஷன் பொய் சொல்லவில்லை. அவருக்கு மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஷிப்ட் பொறுப்பாளர் பதவி தருவதாகப் பேச்சு வந்தது. வேறு ஊரில் ஆறு வாரம் பயிற்சி, தங்க விடுதி. அவள் கைபிடித்து வேலை பழக்கிய இரண்டு ஆண்பிள்ளைகள் ஏற்கெனவே அவளைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். ஐம்பது வயது முடிந்தவர்களைப் பயிற்சிக்கு எடுப்பதில்லை. அவளுக்கு நாற்பத்தொன்பது. அடுத்த பயிற்சி இரண்டு வருஷம் கழித்துத்தான். ஆக, இப்போது விட்டால் விட்டதுதான்.

அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னாள். அவர் முந்நூற்றுப் பதின்மூன்றாவது கதையின் கடைசிக் காட்சியில் சிக்கிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். எழுதிக்கொண்டிருக்கும் மனுஷன் சொல்லும் "ம்"முக்கு என்ன பெறுமானம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்து மறுபடி பேசலாம் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"பரவாயில்லம்மா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. வேற பேர் எழுதிக்கறேன்."

"என்ன மேடம் பரவாயில்ல?"

"பயிற்சி விஷயம்தான். நேத்து உங்க வீட்டுக்குப் போன் பண்ணேனே. நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. அவருதான் எடுத்தாரு. அவளுக்கு இது ஒத்து வராது, முதுகுவலி வேற, நான் பேசிக்கறேன்னாரு."

அவள் ஹெட்போன் வயரைச் சுற்றினாள். பிரித்து மறுபடியும் சுற்றினாள்.

"நீங்க அதோட விட்டுட்டீங்களா மேடம்?"

"அவரே சொல்லும்போது... ஆபீசரே சொன்ன மாதிரி இருந்துச்சும்மா. அதே பேச்சு. நான் ஒரு நாள்கூட விடாம பாக்கறவ இல்லையா?"

அவள் சுவரைப் பார்த்தாள். மேற்பார்வையாளர் அம்மாவும் பார்த்தார். அட்டை அங்கேயேதான் இருந்தது.

"நாலு" என்றாள் அவள்.

"அட, ஆமா" என்றார் அந்த அம்மா. அவர் முகம் சிவந்துவிட்டது. "பட்டியல் நாளைக்குக் காலையில பத்து மணிக்குத்தான் போகுது. அதுக்குள்ள உங்க வாயால சொல்லிடுங்க, போதும்."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்வது என்று நினைத்தாள். அந்த மரியாதை தனக்குக் கிடைக்கவில்லையே என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மேசையைத் துடைத்து, எதிரே உட்கார்ந்தாள். அவர் உற்சாகமாக இருந்தார். தாள்களைத் தட்டிச் சீராக்கினார்.

"இன்னிக்கு உனக்கு ஒரு விசேஷம் வெச்சிருக்கேன். படிச்சா தெரியும்."

"பாக்கலாம்" என்று ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.

முந்நூற்றுப் பதினான்காவது கதை, முதல் காட்சி. ஆபீசர் வீட்டில் போன் அடிக்கிறது. ஆபீசரின் மனைவி முன்பு டீச்சராக இருந்தவள். பழைய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை கூப்பிடுகிறாள், மறுபடி வேலைக்கு வரச் சொல்லி. போனை எடுப்பது ஆபீசர். தலைமையாசிரியை பேசுவதைப் படிக்க வேண்டியது அவள்.

"வணக்கம் ஆபீசர். டீச்சரை மறுபடி வேலைக்குக் கூப்பிடலாம்னு இருக்கோம். அவங்க என்ன நினைக்கறாங்க?" என்று படித்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தி, ஆபீசருக்கே உரிய அந்தக் கனத்தோடு படித்தார். "அவளுக்கு இது ஒத்து வராது மேடம். வீட்டுக்காக அவ உழைச்சது போதும். இனிமே அவ ஓய்வா இருக்கணும். அவ சார்பா நானே சொல்லிடறேன்."

அவள் தாளில் அடுத்த வரி, "உங்களை மாதிரி ஒரு கணவர் கிடைக்க அவங்க கொடுத்து வெச்சிருக்கணும்." அதற்கும் கீழே, மனைவி கதவோரம் நின்று இதைக் கேட்டுவிட்டு, "எனக்காக யோசிக்க நீங்க இருக்கீங்களே" என்று அழுகிறாள். வயலின் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது.

அவள் இரண்டு வரியையும் மனசுக்குள் படித்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவங்க பக்கத்துல இருக்காங்களா?" என்றாள்.

அவர் தன் தாளில் தேடினார். "எந்த வரி இது?"

"போனை அவங்ககிட்ட கொடுங்க ஆபீசர்."

"அப்படி எழுதலையேம்மா."

"எழுதலதான். ஆனா போன்ல இருக்கறது நானு. கொடுங்க."

அவருக்கு விளையாட்டு என்று தோன்றியது. சிரித்துக்கொண்டே ஆபீசர் குரலிலேயே, "அவ குளிக்கிறா மேடம்" என்றார். சொன்ன வாய் மூடவில்லை. நேற்று இதே மேசைக்குப் பக்கத்தில் நின்று இதே வார்த்தையைச் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது.

"பரவாயில்ல. காத்திருக்கேன்" என்றாள் அவள்.

காத்திருந்தாள். ஸ்டாப்வாட்ச் ஓடியது. வண்டி போய்ச் சேரும்வரை லைனை விடாமல் காத்திருந்தே பழகியவள் அவள். அவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. அரை நிமிஷத்தில் ஆபீசர் குரல் போய்ச் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"மேடம் சொல்லிட்டாங்களா?"

"சொன்னாங்க."

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன். இந்தக் காட்சியப் படிச்சா நீ சந்தோஷப்படுவேன்னு..."

"ஏங்க, எனக்குப் பதிலா நீங்களே வேணாம்னு சொல்லிட்டு, அதுக்கு என்னையே சந்தோஷமா அழ வெக்கறீங்களே. அதுவும் வயலினோட."

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்? முதுகுவலின்னு நீதானே சொன்ன? ஆறு வாரம் விடுதிக் கட்டில்ல படுக்க முடியுமா?"

"முதுகுவலின்னு சொன்னேன். போகலேன்னு சொன்னேனா?"

"நான் என்ன குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றவனா? உன்னை ஒரு வார்த்தை தப்பா பேசியிருக்கேனா? ஆபீசரைத்தான் எடுத்துக்கோயேன், அவன் கெட்டவனா?"

"கெட்டவனா இருந்தா எனக்குச் சுலபம்" என்றாள். "எதிர்த்து நிக்கலாம், நாலு பேரு என் பக்கம் வருவாங்க. அவன் நல்லவனாச்சே. பொண்டாட்டி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவளுக்கு வேண்டியதைப் பண்ணிடறான். முந்நூத்திப் பதிமூணு நாளா நான் அவளுக்கு வாய் கொடுத்துட்டு வரேன். அவ பேசினதெல்லாம் 'சரிங்க', 'பாத்து போங்க', 'சாப்டீங்களா'. அந்த நாய்கூட நாலு வினாடி பேசியிருக்கு."

அவர் தாளின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நீ இல்லேன்னா ஆறு வாரம் யாரு எதிர்ல உக்காந்து படிப்பா?"

பாருங்கள், உண்மை கடைசியில்தான் வந்தது. முதுகும் இல்லை, கட்டிலும் இல்லை. அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பாவமாகவும் இருந்தது. மூன்றையும் அடக்கிக்கொண்டாள்.

"இதை நேத்தே என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு வழி யோசிச்சிருப்போம்" என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு முன்னாடி நான் போய் என் பேரைக் கொடுத்துட்டு வருவேன். இது கேக்கறது இல்லீங்க. சொல்றது."

ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள். நான்கு நிமிடம் பத்து வினாடி. பழக்க தோஷம், தாள் மூலையில் எழுதியும் வைத்தாள். எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் சீக்கிரம் எழுந்துவிட்டார். எட்டரை மணிக்கு அவள் குளிக்கப் போனாள். வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு எண்ணம் வந்தது. நாம் கெடுத்ததை அவள் போய்ச் சரிசெய்வதா, அவள் எதற்கு அங்கே போய்ப் புருஷன் அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்று நிற்க வேண்டும், நாமே சொல்லிவிட்டால் கௌரவமாக இருக்குமே என்று. நல்ல எண்ணம்தான். அவருக்கு நல்ல எண்ணம் இல்லாத நாளே கிடையாது. போனை எடுத்து மேற்பார்வையாளர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"வணக்கம் மேடம். புதன்கிழமை நான் அவசரப்பட்டுட்டேன். அவ பயிற்சிக்கு வருவா. அவ பேரையே எழுதிக்குங்க."

எதிர்முனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அவங்க பக்கத்துல இருக்காங்களா சார்?"

"குளிக்கிறா. அதான் நானே சொல்லிடறேன். சம்மதம்தான்."

"போனை அவங்ககிட்ட கொடுங்க."

"நான்தான் சொல்றேனே மேடம், நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான் சார். நான் அவங்க வாயால கேட்டுக்கறேன். காத்திருக்கேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், மறுபடியும் அதையே செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. புதன்கிழமை வேண்டாம் என்றதும் அவர் வாய், வெள்ளிக்கிழமை வேண்டும் என்றதும் அவர் வாய். அவமானத்தில் போனை வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த அம்மாவோ வைக்கிற மாதிரி இல்லை.

கூடத்தைத் தாண்டிப் போய்க் குளியலறைக் கதவின் முன் நின்றார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். கையை மடக்கி மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

தண்ணீர் நின்றது. "எங்கே?" என்றாள் உள்ளிருந்து, பழக்கத்தில்.

"இங்கதான். கதவுக்கு வெளியே. உனக்குப் போன்."

"யாரு?"

"உங்க மேடம். நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. அவங்க உன்கிட்டதான் பேசுவாங்களாம். காத்திருக்காங்க."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக் கை ஒன்று வெளியே வந்தது. அவர் தன் சட்டையால் அந்தக் கையைத் துடைத்துவிட்டு, போனை வைத்தார். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நின்றவருக்கு அவள் குரல் நன்றாகக் கேட்டது. "ஆமா மேடம், நான்தான்." பிறகு, "ஆறு வாரமா, நடுவுல லீவு உண்டா?" பிறகு, "கட்டிலுக்குக் கீழே பலகை போட்டுத் தரச் சொல்லுங்க, எனக்கு முதுகுவலி." கடைசியில், "எழுதிக்குங்க மேடம். நானே சொல்றேன், வரேன்."

பட்டியல் பத்து மணிக்குப் போனது. அதில் அவள் பெயர் இருந்தது.

முந்நூற்றுப் பதினான்காவது கதையை அவர் திருத்தி எழுதினார். ஆபீசர் போனைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தட்டுகிறான், மனைவி வாங்கிப் பேசுகிறாள். டைரக்டர் லேசில் ஒப்பவில்லை. "ஹீரோ கதவைத் தட்டிட்டு நிக்கறதா? ஆபீஸ் பியூன் மாதிரி இருக்குமே சார்" என்றார். இரண்டு நாள் இழுபறி. கடைசியில் எடுத்தார்கள்.

அது ஒளிபரப்பான சாயங்காலம் அவள் பயிற்சி விடுதியின் கூடத்தில், பலகை போட்ட கட்டிலுக்குச் சொந்தக்காரியாக, மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பார்த்தாள். ஆபீசர் வந்து நின்றான், கையை மடக்கினான், தட்டினான். உடனே வயலின். ஒன்று இல்லை, எட்டுப் பத்து வயலின். கேமரா அவன் முகத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. கூடத்தில் ஒருத்தி, "என்ன மனுஷன்டி இவரு" என்று பெருமூச்சு விட்டாள். மனைவி போனில் பேசியது கதவுக்குப் பின்னாலிருந்து பாதிதான் கேட்டது.

ஏழு மணிக்கு அவர் கூப்பிட்டார். தினமும் அந்த நேரத்தில் அரைமணி அவள் போனில் படித்துக்கொடுப்பதாக ஏற்பாடு. ஸ்டாப்வாட்ச் இப்போது அவர் கையில்.

"எங்கே?" என்றாள்.

"வீட்லதான். பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

"தட்டினது சரி" என்றாள். "அந்த வயலினைத்தான் யாராவது தண்ணி ஊத்தி அணைங்க. சரி, படிங்க. இன்னிக்கு நான் யாரு?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னிக்கு மணி தானா அடிக்கலை" என்றார். "ஒருத்தி போனை எடுக்கறா. நீ அவதான். என்ன பேசுவான்னு எனக்குத் தெரியலை. நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்."